பழைய கார்வெட் கூபே வாங்கி, நானே சரிசெய்து ஓட்ட முடியுமா? ஃபைபர் பாடி துருப்பிடிக்காது என்கிறார்களே?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: டெட்ராய்ட் பக்கம் ஒரு 1979 கார்வெட், அதாவது செவ்ரோலெட்டின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், விலைக்கு வந்திருக்கிறது. விலை குறைவு, பெயின்ட் பளபளக்கிறது. "பாடி முழுக்க ஃபைபர், துருங்கிற பேச்சுக்கே இடமில்லை" என்கிறார் விற்பவர். வாங்கலாமா, சனி ஞாயிறுகளில் நீங்களே வேலை பார்த்துக்கொள்ள முடியுமா?

ஒஹாயோவில் நான் ஒரு 1977 கார்வெட்டை ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். உங்களுடையதும் என்னுடையதும் 1968 முதல் 1982 வரை வந்த அதே மூன்றாம் தலைமுறைதான். 1978இல் பின் கண்ணாடியைப் பெரிதாக்கிச் சரிவாக வைத்தார்கள், அடியில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அந்த ஃபைபர் வசனத்தை என்னிடமும் ஒருவர் சொன்னார். பொய் இல்லை, பாடி துருப்பிடிக்காதுதான். அந்தப் பாடியைத் தாங்கி நிற்பது எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விலை ஏன் குறைவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1979இல் மட்டும் 53,807 கார்வெட் செய்தார்கள். வேறு எந்த வருடமும் இத்தனை செய்ததில்லை. அபூர்வம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் இன்ஜின். 5.7 லிட்டர் வி-8 என்றதும் பயந்துவிட வேண்டாம். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்த காலம் அது, என் வண்டியின் எல்-48 இன்ஜினுக்கு 180 குதிரைத்திறன்தான். இன்றைய குடும்பக் கார்கள் பல அதை முந்திப் போகும். குரோம் பம்பர் வைத்த 1972 வரையிலான வண்டிகளைத்தான் சேகரிப்பாளர்கள் துரத்துகிறார்கள். நம்மைப் போல கையில் கிரீஸ் பட ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்லதுதான்.

இனி எலும்புக்கூடு. முன் கண்ணாடியைச் சுற்றி, கதவுக் கீல்கள் நிற்கும் தூண்கள், தலைக்கு மேல் ஓடும் சட்டம் எல்லாம் சேர்த்து இரும்பில் ஒரு கூண்டு இருக்கிறது. இங்கே அதைப் பறவைக்கூண்டு என்றே சொல்கிறார்கள். ஃபைபர் பலகைகள் அதன்மேல் ஒட்டப்பட்டவை. கண்ணாடியைச் சுற்றியுள்ள பளபளப்பு பட்டைகளுக்கு அடியில் தண்ணீர் புகும், தூணுக்குள் இறங்கும், அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் புத்தம்புதிதாக இருக்கும்போதே உள்ளே இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கும். சாதாரண இரும்புக் காரில் துரு கொப்புளமாகக் கிளம்பி நம்மை எச்சரிக்கும். இதில் அந்த எச்சரிக்கையே கிடையாது.

வாங்கிய இரண்டாவது மாதம் ஒரு மழைக்குப் பிறகு டிரைவர் பக்கத்துக் கார்பெட் ஈரமாக இருந்தது. கூரைப் பலகைகளின் ரப்பர்தான் ஒழுகுகிறது என்று நினைத்து புது ரப்பர் போட்டேன். அடுத்த மழையிலும் ஈரம். அப்புறம்தான் இடது காலை வைக்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் தூணின் அடியைக் குத்தினேன். அப்பளத்தில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. முன் கண்ணாடியை எடுக்க வைத்தோம். நல்லவேளை, மேல் மூலைகள் கெட்டியாக இருந்தன. அழுகியது கீழ் மூலையும் தூணின் அடிப்பகுதியும் மட்டும்தான். வெல்டர் ஒருவர் வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டார். பக்கத்திலேயே ஃபைபரும் பசையும் இருப்பதால் ஒருவர் தண்ணீரோடு நிற்க வேண்டும். நிற்க வைக்கப்பட்டவன் நான். மேல் சட்டமும் அழுகியிருந்தால் பாடியையே சேஸியிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவில் இன்னொரு நல்ல கார்வெட் வாங்கிவிடலாம்.

சேஸியிலும் ஒரு இடம் உண்டு. கதவுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் சட்டம் மேல்நோக்கி வளையும். அந்தப் பெட்டி வடிவத்துக்குள் சேறும், குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பும் தங்கிவிடும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் சரி. பொத் என்று கேட்டால் விலையைப் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள்.

என்னை அதிகம் அழ வைத்தது பின்சக்கரங்கள்தான். ஒவ்வொரு பின்சக்கரமும் நீளமான ஓர் இரும்புக் கையில் தொங்குகிறது. அந்தக் கையின் முன் நுனி சேஸியின் ஒரு குறுகிய பொந்துக்குள், ரப்பர் புஷ்ஷோடு ஒரே ஒரு நீள போல்ட்டில் நிற்கிறது. சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்ய இரண்டு பக்கமும் மெல்லிய தகடுகளைச் செருகியிருப்பார்கள். நாற்பது வருடத்தில் தகடு, போல்ட், புஷ்ஷின் உள்குழாய் மூன்றும் துருவில் ஒன்றாகிவிடும். ஒரு வாரம் தினமும் எண்ணெய் விட்டேன், சூடாக்கினேன், நீளக் குழாய் மாட்டி ஸ்பேனரை மிதித்தேன். அசையவில்லை. கடைசியில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: எலக்ட்ரிக் ரம்பத்தை அந்தப் பொந்துக்குள் விட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்து எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு நான்கு பிளேடு. படுத்தபடி அறுக்கும்போது துருப்பொடி எல்லாம் முகத்தில்தான் விழும், கண்ணாடி போடாமல் அடியில் போகாதீர்கள். திரும்பப் பூட்டும்போது துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளையே போட்டேன்.

அந்தக் கையின் பின்நுனியில்தான் சக்கர பேரிங் இருக்கிறது. அதற்கு அவ்வப்போது கிரீஸ் வைக்க வழியே வைக்கவில்லை. காய்ந்து போகும்வரை ஓடும், பிறகு உறுமும். அந்த வேலையை நான் தொடவில்லை. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அளந்து பொருத்த வேண்டும், அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும். கைகள் இரண்டையும் பெட்டியில் போட்டு, இதை மட்டுமே செய்கிற ஒருவருக்கு அனுப்பினேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிரேக்கில் நானே தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான்கு சக்கரத்திலும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன், மொத்தம் பதினாறு. காலிப்பர் வார்ப்பிரும்பு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் பிஸ்டன் ஓடும் துளையை அரித்துப் பள்ளம் போடும், சீல் வழியே ஆயில் கசியும். வெறும் சீலை மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி கசியும். துளைக்குள் ஸ்டெயின்லெஸ் உறை போட்ட காலிப்பர்களைத்தான் வாங்க வேண்டும். வாங்கினேன், மாட்டினேன். ஆனாலும் பெடல் பஞ்சு போலவே இருந்தது. காற்றை எடுத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி பஞ்சு.

காரணத்தைச் சொன்னது எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு மெக்கானிக். தொழிற்சாலையில் பின் டிஸ்க்கைச் சக்கர அச்சோடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்திருக்கிறார்கள். நான் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டுப் புது டிஸ்க்கைச் சும்மா மாட்டியிருந்தேன். டிஸ்க் கண்ணுக்குத் தெரியாத அளவு கோணிச் சுற்றியது. அந்த ஆட்டம் பிஸ்டனை உள்ளே வெளியே தள்ளி, பம்பு போலச் சீலைத் தாண்டிக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. டயல் கேஜ் வைத்து அளந்து, டிஸ்க்கைத் திருப்பித் திருப்பி வைத்து, ஆட்டம் குறைந்த இடத்தில் பூட்டினோம். அன்றோடு பஞ்சு போயிற்று.

மின்சார வேலையில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் பாதி தலைவலி போய்விடும். இரும்புக் காரில் பாடியே எர்த். இதில் பாடி ஃபைபர், அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் ஓடுகிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மொத்தமும் மங்கலாகத் துடிக்கிறதா? பல்பை மாற்றாதீர்கள். எர்த் வயர் சேஸியில் பூட்டப்பட்ட இடத்தைக் கண்டுபிடித்து உப்புத்தாளால் தேயுங்கள்.

மூக்குக்குள் மறைந்திருக்கும் முகப்பு விளக்குகள் வேக்குவத்தில் எழும்பும். இன்ஜின் இழுக்கும் வேக்குவம் ரப்பர் குழாய்கள் வழியாகப் போய், விளக்குக்குப் பின்னால் இருக்கும் டப்பாவின் சவ்வை இழுக்கும். எங்காவது சின்னக் கசிவு இருந்தால் ஒரு விளக்கு முதலிலும் மற்றது சாவகாசமாகவும் எழும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது முதல் தடவை பார்த்துவிட்டு, "என்னடா இது, இத்தனை காசு குடுத்து ஒண்ணரைக் கண்ணு காரை வாங்கியிருக்க?" என்றார். கைப்பம்பு ஒன்றை வைத்து குழாய் குழாயாகச் சோதித்தால் கசிவு சிக்கிவிடும். எனக்கு இரண்டு குழாயும், இடது டப்பாவின் தண்டு சீலும் போயிருந்தன. குளிர்காலக் காலையில் இன்றைக்கும் இடது கண் கொஞ்சம் சோம்பல்தான்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. நெடுஞ்சாலையில் சூடேறினால் உடனே ரேடியேட்டரை மாற்றக் கிளம்பாதீர்கள். இந்த வண்டி மூக்குக்கு அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. அடியில் தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பும், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எனக்கு ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் எலிக்கூடு இருந்தது. இன்ஜின் ஆயில் வாங்கும்போது ஜிங்க் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இந்தப் பழைய கேம்ஷாஃப்டுக்கு அது வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும், வந்தவுடன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டிக்கி கதவு கிடையாது, மளிகைப் பையைக்கூட சீட்டுக்குப் பின்னால் தலைகீழாகக் குனிந்துதான் வைக்க வேண்டும்.

பெயின்டைக் கடைசியில் வையுங்கள். என் வண்டி சிவப்பில் வந்தது. கதவுத் தூணில் இருக்கும் சின்னத் தகட்டைப் பார்த்தால் பிறவி நிறம் வெள்ளி. சுரண்டி எடுக்கக் கொடுத்த கடையில் மணல் அடித்து எடுத்துவிடலாம் என்றார்கள். நல்லவேளை, ஒரு பக்க முன் பலகையில் கை வைத்ததோடு நான் போய் நிறுத்தினேன். மணல் ஃபைபரின் மேல்பூச்சைப் பொத்தல் பொத்தலாக்கிவிடும். மீதியை வீட்டில் சவர பிளேடாலேயே சுரண்டினேன். பழைய லாக்கர் பெயின்ட் தேங்காய்த் துருவல் போலச் சுருண்டு வரும். ஒரு பலகைக்கு ஒரு மாலை ஆகும், மனசுக்கு நல்லது. விரிசல்களைப் பட்டி பார்த்து மூடாதீர்கள், ஒரு வெயில் காலத்துக்குள் திரும்ப எட்டிப் பார்க்கும். விரிசலை அகலமாகச் சாய்த்துத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காக வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அந்தத் தூசி பட்டால் செந்தட்டி பட்டது போல ராத்திரி முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டை, முகமூடி, முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல்.

உதிரி பாகத்துக்குக் கவலையே இல்லை. ஒவ்வொரு திருகாணிக்கும் புது நகல் கிடைக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் பென்சில்வேனியாவின் கார்லைல் மைதானத்தில் கார்வெட்டுகளுக்கென்றே ஒரு கூட்டம் நடக்கும். பழைய சாமான்களை நிலத்தில் பரப்பி விற்பார்கள், பேரம் பேசலாம். மறுபக்கம் 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் இருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஆய்வாளர்கள் அன்று சாக்கட்டியில் கிறுக்கிய குறிகளையும், தவறித் தெறித்த பெயின்டையும்கூடத் திரும்பப் போடுவார்கள். அந்தப் பொறுமைக்குக் கும்பிடு. ஆனால் ஐம்பதாயிரத்தில் ஒன்றான 1979க்கு அது வேண்டாத வேலை என்பது என் கட்சி.

ஆனாலும் பெட்ரோல் டாங்கை இறக்கியபோது அதன் தலையில் ஒட்டியிருந்த தயாரிப்புத் தாளைப் பார்த்ததும் எனக்கும் ஒரு மாதிரிதான் ஆயிற்று. வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் அடித்து ஒட்டிய தாள். பாதி கரைந்துபோயிருந்தது. மிச்சத்தை பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன்.

கென்டக்கியின் பௌலிங் கிரீனில் இருக்கும் கார்வெட் அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். 2014 பிப்ரவரியில் அங்கே தரை உள்வாங்கி எட்டு வண்டிகள் பள்ளத்தில் விழுந்தன. மூன்றைத்தான் சரிசெய்தார்கள். மற்ற ஐந்தும் நசுங்கினது நசுங்கினபடியே நிற்கின்றன. எதைச் சரிசெய்வது, எதை விட்டுவிடுவது என்று நான் கராஜில் குழம்பும்போதெல்லாம் அந்த ஐந்தும்தான் ஞாபகம் வரும்.

செலவு? வாங்கிய விலையைப் போல ஒன்றரை மடங்கு இதுவரை போயிருக்கிறது, பெயின்ட் இன்னும் பாக்கி. இப்போது பாதி வெள்ளி பிரைமர், பாதி சிவப்பு. அப்படியே ஓட்டுகிறேன், வாரம் ஒரு தடவையாவது. நின்றால்தான் காலிப்பர் அரிக்கும், சீல் காயும், எலி வரும்.

நீங்கள் பார்க்கப் போகும்போது டார்ச், பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், படுக்க ஒரு அட்டை எடுத்துப் போங்கள். முதலில் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், பிறகு கால்பக்க மூடியைக் கழற்றக் கேளுங்கள். சில திருகாணிகள்தான், ஐந்து நிமிட வேலை. "அதெல்லாம் எதுக்கு" என்று விற்பவர் இழுத்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடச் சொல்லாதீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன்.