பாஞ்சோக்காரரிடம் கேளுங்கள்: புளூகிராஸ், ஓல்டு-டைம் கேள்வி பதில்

அமெரிக்காவின் வட கரோலினாவில் எங்கள் ஊர்க் குழு ஒன்றில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறேன். இங்கத்து நாட்டுப்புற இசை வகைகளான புளூகிராஸ், ஓல்டு-டைம் இரண்டும் உண்டு. வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கே: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்கிறது.

ப: ஓல்டு-டைம் பெரும்பாலும் ஆடுவதற்கான இசை. ஃபிடிலும் பாஞ்சோவும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும், யாரும் தனியாக முன்னால் வந்து வித்தை காட்டுவதில்லை. முடிக்கும் நேரம் வந்தால் ஃபிடில்காரர் ஒரு காலைத் தூக்குவார், அவ்வளவுதான். புளூகிராஸ் மேடையிலும் வானொலியிலும் வளர்ந்தது. பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து வாசித்துவிட்டு ஒதுங்குவார்கள். கென்டக்கிக்காரர், மாண்டலின் வாசித்த பில் மன்றோ 1939-இலேயே நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சிக்கு வந்துவிட்டார். ஆனால் இன்று நாம் புளூகிராஸ் என்று சொல்லும் சத்தம், 1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் வாசிக்கும் பாஞ்சோவோடு மன்றோ குழுவில் சேர்ந்த பிறகு பிறந்தது.

கே: ஃபிடிலும் வயலினும் ஒன்றா?

ப: ஒன்றுதான். வாசிப்புதான் வேறு.

கே: மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்தது இதே மாண்டலினா?

ப: இல்லை. அவருடையது மின்சார மாண்டலின், ஒற்றைத் தந்திகள். அதனால்தான் கமகம் அப்படி வளைந்து வந்தது. புளூகிராஸில் எட்டுத் தந்தி, நாலு ஜோடி, மின்சாரம் கிடையாது. இங்கே அதுதான் டிரம்ஸும். நாலு தட்டுத் தாளத்தில் பேஸ் ஒன்று, மூன்றில் விழும். மாண்டலின் இரண்டு, நாலில் வெட்டும். அடித்த கணமே இடது கை விரல்களைத் தளர்த்திவிட வேண்டும், 'சக்' என்று சத்தம் செத்துவிட வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் குழு மொத்தமும் சேற்றில் நடக்கும்.

கே: இப்போதுதான் பாஞ்சோ வாங்கியிருக்கிறேன். ஜாமுக்கு (எல்லோரும் கூடி வாசிக்கும் வட்டத்துக்கு) வரலாமா?

ப: தாராளமாக. முதலில் ட்யூன் செய்யுங்கள். கிளிப் ட்யூனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காது போதும் என்று வீறாப்பு வேண்டாம். ஓல்டு-டைம் வட்டம் என்றால் உலோக விரல் பிக்குகளைப் பையிலேயே வையுங்கள், அங்கே நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் கிளாஹேமர்தான். மெட்டு தெரியாவிட்டால் வெளி வரிசையில் உட்கார்ந்து மெதுவாகத் தட்டுங்கள்.

கே: வயலினுக்கும் ஃபிடிலுக்கும்...

ப: மேலே இருக்கிறது.

கே: பாஞ்சோ மலைநாட்டு வெள்ளையர் வாத்தியம். ஆப்பிரிக்கா என்பதெல்லாம் இப்போதைய அரசியல்.

ப: அரசியல் இல்லை, வாத்தியத்தைப் பார்த்தாலே தெரியும். செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோன்டிங்கைப் பாருங்கள்: சுரைக்குடுக்கை, மேலே தோல், நீளக் கழுத்து, கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி. நகத்தால் கீழ்நோக்கித் தட்டித்தான் வாசிக்கிறார்கள். மன்றோவே சிறுவயதில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிதார்க்காரரிடம் கற்றதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் மாநிலத்திலேயே மீபேன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பின ஃபிடில்காரர் 2012-இல் இறக்கும்வரை இருந்தார். அவரிடம் கற்ற கரோலினா சாக்லேட் டிராப்ஸ் 2011-இல் கிராமி வாங்கியது.

கே: (அதே நண்பர்) அந்தக் குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்ததே வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனிதானே?

ப: ஸ்வீனி பிறந்தது 1810. அதற்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென் கரோலினாவில் வரைந்த நீர்வண்ண ஓவியத்தில் ஒரு கறுப்பினத்தவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார், குட்டைத் தந்தி தெளிவாகத் தெரிகிறது. ஸ்வீனி மேடையில் பரப்பினார், சரி, கண்டுபிடிக்கவில்லை. இதற்குமேல் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

கே: எந்தக் கம்பெனித் தந்தி நல்லது?

ப: கடைக்காரரைக் கேளுங்கள்.

கே: எல்லோரும் ஏ ஸ்ருதிக்குப் போகும்போது கேப்போ (ஸ்ருதி ஏற்றக் கழுத்தில் தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டால், ஐந்தாம் தந்தியை, அதாவது அந்தக் குட்டைத் தந்தியை என்ன செய்வது?

ப: நல்ல கேள்வி. கேப்போ மற்ற நாலுக்குத்தான். ஐந்தாவதுக்கு ஏழாம் கட்டத்தில் பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் குட்டி ஆணி ஒன்று இருக்கும், தந்தியை அதற்கடியில் மாட்டினால் ஜி-யிலிருந்து ஏ வந்துவிடும். மாட்டியதும் மறுபடி ட்யூன் செய்யுங்கள், ஸ்ருதி கொஞ்சம் ஏறியிருக்கும். உங்கள் பாஞ்சோவில் ஆணி இல்லையென்றால் நீங்களே சுத்தியலை எடுக்காதீர்கள், கழுத்தில் விரிசல் விழும். வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.