‘ரிசீவ்ட்’ எப்போது, ‘ஹேவ் ரிசீவ்ட்’ எப்போது?

மொரிஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். போர்ட் லூயிஸில் ஓர் அலுவலகத்தில் வேலை. வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது அவர் பொறுப்பு. ‘வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் பேமென்ட் ஆன் மண்டே’ என்று எழுதினார். மேலதிகாரி ‘ஹேவ்’ என்பதை அடித்துவிட்டார். அடுத்த வாரம் ‘வீ ரிசீவ்ட் யுவர் கம்ப்ளைன்ட்’ என்று எழுதினார். அங்கே அதே அதிகாரி ‘ஹேவ்’ சேர்த்துவிட்டார். “ஒருநாள் எடுக்கிறார், ஒருநாள் போடுகிறார். எதை நம்புவது? வீட்டில் மகனும் ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதித் திருத்து வாங்கிக்கொண்டு வருகிறான்” என்கிறார்.

சகோதரி, இரண்டு திருத்தமும் சரி. முதல் கடிதத்தில் ‘ஆன் மண்டே’ இருக்கிறது, இரண்டாவதில் கிழமை இல்லை. வேறுபாடு அங்கேதான்.

இந்தத் தவறு மொரிஷியஸில் இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் நம் காதில் எந்நேரமும் ஒலிக்கும் பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த கிரியோலும். பிரெஞ்சில் ‘ஜ லே வ்யூ இயேர்’ என்றால் ‘அவனை நேற்றுப் பார்த்தேன்’. ஆனால் சொல்லுக்குச் சொல் பிரித்தால் அதில் ஒரு ‘ஹேவ்’ ஒளிந்திருக்கிறது. கிரியோலில் ‘மோ ஃபின் த்ருவ் லி யேர்’ என்கிறோம். ‘நேற்று’ என்னும் ‘யேர்’ வந்தாலும், செயல் முடிந்ததைக் காட்டும் ‘ஃபின்’ தாராளமாக நிற்கிறது. அந்த இரண்டு மொழியும் அனுமதிப்பதை ஆங்கிலம் அனுமதிப்பதில்லை. அதனால்தான் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ நமக்கு உறுத்துவதே இல்லை.

உறுத்துவதற்கு நம்மிடம் தமிழ் இருக்கிறது. ‘அவரை நேற்றுப் பார்த்திருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கோ இடறும், ‘நேற்றுப் பார்த்தேன்’ என்றே நாக்கு போகும். ‘இவரை எங்கோ பார்த்திருக்கிறேன்’ என்றால் இடறுவதில்லை. எப்போது என்பது முக்கியமில்லை, பார்த்த நினைவு இப்போது என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலமும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது: ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’, ‘ஐ ஹேவ் சீன் ஹிம் சம்வேர்’. என் மாணவர்களுக்கு நான் முதலில் தரும் சோதனை இதுதான். பக்கம் பக்கமாக விதி மனப்பாடம் செய்வதைவிட இது கைகொடுக்கிறது.

முடிந்துபோன காலம் வாக்கியத்தில் வந்துவிட்டால் ‘ஹேவ்’ வெளியே. நேற்று, போன வாரம், திங்கட்கிழமை, 1968இல் எல்லாம் அப்படித்தான். ‘மொரிஷியஸ் பிகேம் இண்டிபெண்டென்ட் இன் 1968.’ ஆண்டுக்கு முன்னால் ‘சின்ஸ்’ வந்தால் கதை மாறுகிறது: ‘மொரிஷியஸ் ஹேஸ் பீன் எ ரிபப்ளிக் சின்ஸ் 1992.’ குடியரசு இன்றும் நீடிக்கிறது, அதனால் ‘ஹேஸ்’.

‘திஸ் மார்னிங்’ பலரைக் குழப்பும். காலை பத்து மணிக்கு எழுதினால் ‘ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் திஸ் மார்னிங்’ பொருந்தும், காலை இன்னும் முடியவில்லை. அதையே மாலை மூன்றுக்கு எழுதினால் ‘ஐ ஸ்போக் டு ஹிம் திஸ் மார்னிங்’. அமெரிக்கப் படங்களில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று கேட்டிருப்பீர்கள். இங்கே பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரிட்டிஷ் வழக்கு என்பதால் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்று எழுதுவதே நல்லது.

தமிழ்ச் சோதனை கைவிடும் இடங்களும் உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ‘2015இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வோம், பிரெஞ்சும் அப்படியே சொல்லும். ஆங்கிலத்தில் ‘ஐ ஒர்க் ஹியர் சின்ஸ் 2015’ தவறு. ‘ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் சின்ஸ் 2015’ என்றே வர வேண்டும். வேலை விண்ணப்பங்களில் நான் அதிகம் திருத்தியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். அடுத்தது, ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோமே, அது ஊகம். ஆங்கிலத்தில் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. இன்னொன்று, காலமான பாட்டியைப் பற்றியும் ‘பழனிக்கு மூன்று முறை போயிருக்கிறார்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அவர் வாழ்நாள் முடிந்த காலம். ‘ஷீ வென்ட் டு பழனி த்ரீ டைம்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மகனின் ‘டிட் நாட் வென்ட்’டுக்குத் தமிழே பதில் சொல்லும். ‘போனேன்’ என்பதில் இறந்தகாலம் தெரிகிறது. ‘போகவில்லை’ என்பதில் ‘போக’ எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் ‘டிட்’ காலத்தைச் சுமந்துவிட்டது, எனவே வினை வெறும் ‘கோ’: ‘ஐ டிட் நாட் கோ’. கேள்விக்கும் அதே: ‘டிட் யூ கோ?’

இனி உங்கள் கடிதம். ஆங்கிலத்தில் ஒரு செய்தியை முதன்முதலாகச் சொல்லும்போது ‘ஹேவ்’ வைத்துத் திறப்பார்கள், விவரத்துக்குள் போனதும் ‘ஹேவ்’ இல்லாத இறந்தகாலத்துக்கு இறங்குவார்கள். செய்தித்தாளைப் பாருங்கள், பல செய்திகளின் முதல் வரி இப்படித்தான் தொடங்கும். உங்கள் மேலதிகாரி செய்ததும் அதுவே. புகார்க் கடிதத்துக்கான பதிலை இப்படி எழுதலாம்:

‘வீ ஹேவ் ரிசீவ்ட் யுவர் கம்ப்ளைன்ட். இட் ரீச்ட் அஸ் ஆன் மண்டே, அண்ட் வீ சென்ட் இட் டு தி அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் தி சேம் டே. தே ஹேவ் நாட் ரிப்ளைட் யெட்.’

முதல் வரி செய்தி. நடுவரியில் கிழமை வந்தது, ‘ஹேவ்’ போனது. கடைசி வரியில் பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறீர்கள், ‘ஹேவ்’ திரும்பியது. கணக்குப் பிரிவிலிருந்து வியாழக்கிழமை பதில் வந்தால், அடுத்த கடிதத்தில் ‘தே ரிப்ளைட் ஆன் தர்ஸ்டே’ என்று எழுதுங்கள்.