விமானப்படையில் 16 ஆண்டுகள் முடித்த என் கணவர் இப்போதே விலகி விமான நிறுவனத்தில் சேரலாமா?

கேட்டிருப்பவர் தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஒரு சகோதரி. கணவர் விமானப்படையில் பெர்மனென்ட் கமிஷன் (ஓய்வு வயது வரையிலான நிரந்தர நியமனம்) பெற்ற அதிகாரி, ஏஎன்-32 போக்குவரத்து விமானம் ஓட்டுகிறார், சேவை 16 ஆண்டுகள். விலகிப் போன நண்பர்கள் கை நிறையச் சம்பாதிப்பதைப் பார்த்து அவருக்கு மனம் நிலைகொள்ளவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரின் மனைவியான மாமியாரோ, பென்ஷன் உள்ள வேலையை எவனாவது விடுவானா என்று பேச்சையே எடுக்க விடுவதில்லை. நானும் ஏஎன்-32இல் பறந்தவன்தான். 20 ஆண்டுகள் முடித்து வெளியே வந்து, இப்போது சென்னையைத் தளமாகக் கொண்டு ஏர்பஸ் ஏ320 ஓட்டுகிறேன். குடியிருப்பது திருவொற்றியூர் தேரடிப் பக்கம் என்பதால், உங்கள் மாமியாரின் குரல் எனக்கு அந்நியமானதும் அல்ல.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் நான்கு ஆண்டுகள் பொறுத்து, 20 முடிந்த பிறகு அவர் விலகல் விண்ணப்பம் போடட்டும். ஆனால் விமானி உரிமத்துக்கான வேலையை அந்த நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே முடித்து வைத்துக்கொள்ளட்டும்.

காரணம் ஓய்வூதியம். படை அதிகாரிகளுக்கு அது கிடைக்கக் குறைந்தது 20 ஆண்டுத் தகுதிச் சேவை வேண்டும். 16இல் விலகினால், விலக அனுமதி கிடைத்தாலும்கூட, மாத ஓய்வூதியம் கிடையாது. விங் கமாண்டர் பதவியை எடுத்துக்கொண்டால், ஏழாம் ஊதியக்குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 1,21,200 ரூபாயில் தொடங்குகிறது. வெளியேறும்போது வாங்கும் அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணி ஊதியமான 15,500 ரூபாயையும் சேர்த்து, அந்தத் தொகையில் பாதி ஓய்வூதியம். அதற்கு மேல் அகவிலைப்படி. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதில் தொடங்கி ஆயுள் முழுக்க வரும் இந்தப் பணத்தை, அவருக்குப் பின் உங்களுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் முன்னாள் படையினருக்கான இசிஎச்எஸ் மருத்துவ வசதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டு விமான நிறுவனச் சம்பளம் அதற்கு ஈடாகுமா என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

இதில் பலருக்கும் தெரியாத முள் ஒன்று உண்டு. எப்போது ஓய்வுபெற்றிருந்தாலும், ஒரே பதவியில் ஒரே கால அளவு பணியாற்றியவர்களுக்கு ஒரே ஓய்வூதியம் என்ற திட்டத்துக்கான 2015 நவம்பர் 7 தேதியிட்ட அரசாணை, அதற்குப் பிறகு தாமாக விரும்பி முன்கூட்டியே விலகுபவர்களுக்கு அத்திட்டத்தின் பலன் இல்லை என்று சொல்கிறது. இதை எதிர்த்து வழக்குகளும் நடந்திருக்கின்றன. ஆக, 20 முடித்து விலகுபவருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அத்திட்டத்தின் கீழ் நடக்கும் உயர்வைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். முழுக் காலம் இருந்து ஓய்வுபெற்ற சீனியர்கள் சொல்லும் தொகையை வைத்துக்கொண்டு வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

20 முடிந்தவுடன் கதவைத் திறந்து அனுப்பிவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். முன்கூட்டியே விலகுவது கேட்டுப் பெறும் அனுமதிதானே தவிர உரிமை அல்ல. பைலட் பற்றாக்குறை இருக்கும் காலத்தில் விண்ணப்பம் திரும்பி வரலாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளியும் வைக்கலாம். விமான நிறுவனம் கொடுத்த தேதியை நம்பி விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டு பக்கமும் இழுபட்டதைப் பார்த்திருக்கிறேன். (குறுகிய கால நியமனமான ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் பறப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்களுக்கு 14 ஆண்டுகள், ஓய்வூதியம் கிடையாது. முடிந்த மறுநாளே விமான நிறுவனத்துக்குப் போவதுதான் அவர்களுக்கு நல்லது.)

காத்திருப்பதற்கும் விலை உண்டு. விமான நிறுவனத்தில் எல்லாமே சீனியாரிட்டிப் பட்டியலைப் பொறுத்தது. எப்போது கேப்டன் ஆவது, எந்த ஊரில் தளம், எந்த மாதம் விடுப்பு என்று பெரும்பாலானவற்றைச் சேர்ந்த தேதிதான் தீர்மானிக்கிறது. முந்தைய வாழ்க்கையில் நீங்கள் விங் கமாண்டரா, குரூப் கேப்டனா என்பதை அந்தப் பட்டியல் பார்ப்பதில்லை. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த பிறகு, இப்போதே ஏறினால்தான் இடம் என்ற பதற்றம் படைக்குள்ளும் பரவியது. அந்த விமானங்கள் ஒரே நாளில் வந்து இறங்கப்போவதில்லை. வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும். பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம் என்பதால், 42இல் சேர்ந்தாலும் உங்கள் கணவருக்கு 23 ஆண்டுகள் கையில் இருக்கும். நான்கு ஆண்டு சீனியாரிட்டி போவது இழப்புதான். ஆனால் தாங்கக்கூடிய இழப்பு.

மாமியாரின் பேச்சைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. நடுவில் 2020இல் கொரோனா வந்து, ஓடிக்கொண்டிருந்த நிறுவனங்களிலும் சம்பளத்தை வெட்டவைத்தது. நின்றுபோன நிறுவனத்தில் கேப்டனாக இருந்தவரும் அடுத்த நிறுவனத்தின் சீனியாரிட்டிப் பட்டியலில் கடைசிப் பெயராகத்தான் எழுதப்படுவார். அந்த மாதங்களில் படை ஓய்வூதியம் வந்துகொண்டிருந்த வீடுகளில் உலை கொதித்தது. இன்னொன்று: விமானியின் சம்பளம் முதல் வகுப்பு மருத்துவச் சான்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சர்க்கரையோ இதயமோ ஏதாவது தலைகாட்டி அந்தச் சான்று நின்றால், பறப்பதும் நிற்கும், பறப்பதற்கான வருமானமும் நிற்கும். துறைமுகம், ரயில்வே, ஐசிஎஃப் என்று மாதம் பிறந்தால் பென்ஷன் வரும் வீடுகள் நிறைந்த நம் வடசென்னையில் இதைப் புரியவைக்க யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கேள்வியில் நீங்கள் எழுதாத காரணம் ஒன்றும் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னிக்கவும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கடலடியில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. அந்த விமானத்தை ஓட்டுபவரின் மனைவிக்கு இந்தச் செய்தி வெறும் செய்தி அல்ல என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் அவசரத்துக்குக் காரணம் என்றால், ஓய்வூதியக் கணக்கு எதுவும் உங்களைச் சமாதானப்படுத்தாது. அதை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். மீதி ஆண்டுகளுக்குப் பயிற்றுநர் பணி கேட்பது போன்ற வழிகளை அவர் யோசிக்க முடியும்.

இனி அவரே யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டும் பறப்பதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஏஎன்-32இல் நேவிகேட்டரும் ஃப்ளைட் எஞ்சினியரும் நம் பின்னால் இருப்பார்கள்; திசையை ஒருவர் சொல்வார், எஞ்சின் முள்ளை ஒருவர் பார்த்துக்கொள்வார். முழுச் சுமையோடு 27 டன் எடையுள்ள அந்த விமானத்தை அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகா போன்ற தளங்களில் இறக்கும்போது, பள்ளத்தாக்கையும் காற்றையும் பார்த்துக் கேப்டன் எடுக்கும் முடிவுதான் முடிவு. அந்தத் துணிச்சலும் கைத்திறனும்தான் அங்கே மரியாதை பெற்றுத் தருபவை. 79 டன் வரை போகும் ஏ320 நியோவில் இருப்பது இரண்டே விமானிகள், எழுதிவைத்த நடைமுறை ஒன்று. தரையிலிருந்து ஆயிரம் அடியில் வேகம், இறங்கும் விகிதம், இறக்கையின் பின்பக்கம் விரியும் பலகையான ஃப்ளாப், சக்கரம் எல்லாம் வரம்புக்குள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வர வேண்டும். எப்படியும் இறக்கியிருக்க முடியும் என்பது இங்கே வாதமே ஆகாது. ஒவ்வொரு பறப்பின் தரவும் பதிவாகிறது. எல்லை மீறினால் பாதுகாப்புப் பிரிவிலிருந்து அழைப்பு வரும்.

குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சியில் என்னோடு இருந்த ஒருவர் பல ஆண்டுகள் போர் விமானம் ஓட்டியவர். அவருடைய கை சுத்தமான கை. சிமுலேட்டரில் விமானம் கோடு கிழித்தது போல இறங்கும். ஆனால் தனியாக ஒரு காக்பிட்டில் வாழ்ந்த பழக்கத்தில், ஃப்ளாப் வேண்டியபோது யாரையும் கேட்காமல் தானே லீவரை நகர்த்திவிடுவார். விமானத்தை ஓட்டுபவர் "ஃப்ளாப்ஸ் டூ" என்று கேட்க, மற்றவர் வேகத்தைச் சரிபார்த்துச் சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும் என்பது முறை. அவரைவிடப் பன்னிரண்டு வயதாவது இளையவரான பயிற்றுநர் சிமுலேட்டரை நிறுத்தினார். "சார், அந்த லீவரை நீங்க தொடக்கூடாது. கேளுங்க, நான் தர்றேன்," என்றார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தலையசைத்தவர், அன்று இரவு விடுதி அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அந்த வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். இன்று அவர் நல்ல கேப்டன். உங்கள் கணவருக்குப் பலர் சேர்ந்து ஓட்டும் விமானம் பழக்கம் என்பதால் இந்தப் பாடம் சற்று எளிதாக வரும். ஆனால் இருபத்தெட்டு வயதுக் கேப்டனுக்கு வலப்பக்கம் கோ-பைலட்டாக உட்கார்ந்து, அவர் சொல்வதைச் செய்து, ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன், மது அருந்தியிருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிவிட்டுப் போகும் வாழ்க்கை அவருக்கு உறுத்துமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உறுத்துபவர்களும் உண்டு. அவர்கள் படையிலேயே இருப்பது நல்லது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வீட்டு வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக. குவார்ட்டர்ஸ், பக்கத்துவீட்டு யூனிட் குடும்பங்கள், விமானப்படைப் பள்ளி எல்லாம் போய்விடும். மாமியார், சொந்தபந்தம், சொந்த ஊர் வரும். சென்னையில் தளம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலில் டெல்லியோ மும்பையோ கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றுவதும் உண்டு. கிடைத்துவிட்டால், பகலில் நம் பக்கத்திலிருந்து நீல வழித்தட மெட்ரோவில் ஏறி வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். விடியற்காலை விமானம் என்றால் மூன்றரை மணிக்கு வாசலில் கார் நிற்கும். அந்நேரத்தில் காசிமேடு ஏலத்துக்குப் போகும் மீன் வண்டிகள் மட்டும்தான் எனக்குத் துணை. 2025இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்திருப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் என்ற உச்சவரம்பை நோக்கியே ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுவார்கள். படையில் அவர் ஓர் ஆண்டில் பறப்பதைவிட இது மிக அதிகம். தீபாவளியன்று லக்னோவில் ஹோட்டல் அறையில் இருப்பதும் இந்த வேலைதான்.

இப்போது செய்ய வேண்டியவை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவில் தேர்வு எழுதப் பதிவு எண்ணான கணினி எண் பெற்று, வான் விதிகள், வழிநடத்தல், வானிலை ஆகிய தாள்களில் தமக்கு எவை பொருந்தும் என்று பார்த்து எழுதத் தொடங்கட்டும். தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். ரேடியோ உரிமத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டாம். அதில்தான் பலர் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். விமான நிறுவனத்தில் கேப்டனாக ஓட்டத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். போக்குவரத்து விமானத்தில் 16 ஆண்டுகள் பறந்தவருக்கு அது பிரச்சினையே இல்லை. அண்மைக் காலத்தில் பறந்திருக்கிறாரா என்பதும் பார்க்கப்படும் என்பதால், 18ஆம், 19ஆம் ஆண்டுகளில் மேசை வேலைக்கு மாற்றல் வந்தால், முடிந்தவரை பறக்கும் பணிக்கே கேட்டுப் பார்க்கட்டும். டைப் ரேட்டிங் செலவு பல லட்சம் ஆகும். சில நிறுவனங்கள் தாமே செலவுசெய்து ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். அந்தப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றாலும் கோ-பைலட்டுக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஓராண்டு நோட்டீஸ் என்பது டிஜிசிஏ விதி.

பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். பகல், இரவு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறப்பு, கேப்டனாகப் பறந்தது, கோ-பைலட்டாகப் பறந்தது என்று ஒவ்வொரு பத்தியின் கூட்டுத் தொகையும் சரியாக இருந்து, கமாண்டிங் ஆபீசரின் கையொப்பம் இருக்க வேண்டும். யூனிட் மாறும்போதெல்லாம் அந்தந்த இடத்திலேயே இதை முடித்துவிட வேண்டும். பத்தாண்டுக்கு முந்தைய யூனிட்டின் பதிவேட்டைத் தேடிக்கொண்டு விலகிய பிறகு அலைவது எளிதல்ல. இதுவரை இருந்த யூனிட்டுகளில் விடுபட்டவை இருந்தால், அடுத்த விடுப்பில் தண்டையார்பேட்டைக்கு வரும்போது அந்தப் புத்தகங்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள்; பக்கத்தில்தான் இருக்கிறேன், உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.