'பிக்மேலியன்' படத்தில் சிலையே வரவில்லையே, பிறகு ஏன் அந்தப் பெயர்?

1938-ல் வந்த அந்த ஆங்கில நகைச்சுவைப் படத்தைப் பார்க்கிற பலருக்கும் வருகிற சந்தேகம்தான் இது. பிக்மேலியன் என்பவன் பழங்கதையில் வரும் ஒரு சிற்பி. ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும்படி, தந்தத்தில் ஒரு பெண்ணைச் செதுக்கி அவள்மேலேயே ஆசை வைக்கிறான். வீனஸ் தேவி சிலைக்கு உயிர் கொடுக்கிறாள். இந்தப் படத்துக்கு மூலமான, 1913-ல் மேடையேறிய தன் நாடகத்தில் பெர்னார்ட் ஷா உளியை எடுத்துவிட்டு உச்சரிப்பை வைத்தார். பூக்காரி எலைசாவைச் சீமாட்டி போலப் பேச வைக்கிறார் பேராசிரியர் ஹிக்கின்ஸ். வாயைத் திறந்ததுமே அந்தஸ்தை அளந்துவிடும் ஊர் அன்றைய லண்டன். பேச்சை மாற்றினால் ஆளையே மாற்றிவிடலாம் என்பது ஹிக்கின்ஸின் கணக்கு.

நம்ம குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். தோவாளையில் பூ கட்டிய பெண் சென்னைக்கு வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மரச்சீனி அவிச்சேன், சக்கை வாங்கினேன்" என்றதும் "நீங்க மலையாளியா?" என்பார்கள். மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம் என்று சொல்லப் பழகிக்கொள்வாள். ஆனால் புத்தியும் துணிச்சலும் முதலிலிருந்தே அவளுடையவை. எலைசாவும் அப்படித்தான். விருந்தாளிகள் முன்னால் உச்சரிப்பு சுத்தம். பேசுகிற விஷயமோ அத்தையை யாரோ தீர்த்துக்கட்டிய கதை! எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

அப்புறம், ஹிக்கின்ஸும் எலைசாவும் சேர்வதாக ஷா எழுதினார் என்று பலர் நினைக்கிறார்கள். எலைசா திரும்பி வருவது படத்தின் முடிவு, நாடக நூலுக்கு அவர் எழுதிய பின்னுரையில் அவள் தன்னை விரும்பும் இளைஞன் ஃப்ரெடியைத்தான் கல்யாணம் செய்கிறாள்.