எழுபதுக்குப் பிறகு ஸ்டாக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமோஸ் அலோன்சோ ஸ்டாக் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கால்பந்தில் 314 ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர் என்பது சரி. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துப் பாதிரியாராக வேண்டியவர் ஒரு பந்தின் பின்னால் வாழ்க்கையை வீணாக்கிவிட்டாரோ? 70 வயதிலாவது ஓய்ந்திருக்கலாம். எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டரும் இப்படித்தான், ஓய்வு பெற்றும் மைதானத்தை விடமாட்டேன் என்கிறார். ஸ்டாக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் ஆட்டமுறைகளில் எவை உண்மையில் அவருடையவை?

ம.

அன்புள்ள ம.,

பட்டியலெல்லாம் இப்போது வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1889ல் யேலில் ஆடியபோது, எதிராளியைப் பாய்ந்து மடக்கிப் பழக ஒரு மெத்தையைச் சுருட்டி வைத்துக்கொண்டார். வெற்றிக் கணக்கும் எனக்கு முக்கியமில்லை.

‘வீணாக்கிவிட்டாரோ’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அந்த மனிதருக்கு மேடையில் பேச்சு வரவில்லை. பிரசங்கம் தனக்கு ஆகாது என்று புரிந்ததும், சொல்ல நினைத்ததை மைதானத்தில் சொல்லிக்கொடுக்கப் போனார். 1890ல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன் நடந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்கள் 5-1 என்று மாணவர்களிடம் தோற்றார்கள். அந்த ஒரு கூடையைப் போட்டவர் ஸ்டாக். அதே வருடம் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அணிக்கு ஆள் போதாமல் முதல் பருவத்தில் பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆடினார்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நான் படித்த பள்ளியின் பி.டி. சார் அந்தக் கல்லூரியில் படித்தவர். 58 வயதில் அவருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் தையல் விட்டுப்போன தோல்பந்து. மெழுகு தடவிய நூலைக் கோணி ஊசியில் கோத்து, தைத்துக்கொண்டே தலையைத் தூக்காமல், “இடது காலையும் பழக்குடா” என்பார். யார் எந்தக் காலால் உதைத்தான் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. இரண்டு மாதம் வந்தார். அப்புறம் ஒருநாள், வெளியாட்களை விடக்கூடாது என்று உத்தரவு போட்டு, வாட்ச்மேனை வைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தைத்த பந்தை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது பதினாறு வயது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அது ஆறவில்லை.

அதனால்தான் 1932ஐ என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. சிகாகோவில் 41 பருவங்கள் ஓடியபின், ஸ்டாக்கிடம் 70 வயதாகிவிட்டது, விதி என்றார்கள். பல்கலைக்கழகத்திலேயே வேறு பொறுப்பு தருவதாகவும் சொன்னார்கள். அவருக்கு வேண்டியது நாற்காலி இல்லை, பையன்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊருக்கு, பசிபிக் கல்லூரி என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். 1943ல், 81 வயதில், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் ஓய்ந்திருக்கச் சொன்ன வயதுக்கு 11 வருடம் கழித்து! 1946ல் அங்கேயும் போதும் என்றார்கள். 84 வயதுக்காரர் நாட்டின் மறுகோடிக்கு, பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பயிற்சியாளராக இருந்தது அவருடைய மகன். 1947லிருந்து ஆறு பருவங்கள் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரே அணியைப் பழக்கினார்கள். பிறகு ஸ்டாக்டனுக்கே திரும்பி, தொண்ணூறு தாண்டிய வயதில், அங்கிருந்த இன்னொரு கல்லூரிப் பையன்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1965ல் 102 வயதில் இறந்தார்.

ஆட்டமுறைகள் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். உங்கள் மாஸ்டர் இன்னும் மைதானத்துக்கு வருகிறார் என்றால், உங்கள் ஊரில் வாசலை இன்னும் சாத்தவில்லை என்று அர்த்தம். இந்த வாரமே ஒரு சாயங்காலம் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஓய்வைப் பற்றி மட்டும் அவரிடம் பேசாதீர்கள்.