ஓக் கொட்டைக் கட்டி இறுகவில்லையா?

வணக்கம். கொரியர்களின் தொத்தோரிமுக் (ஓக் மரக் கொட்டை மாவில் செய்யும், ஜெல்லி போலக் குலுங்கும் கட்டி) செய்ய 1 கப் ஓக் கொட்டை மாவுக்கு 8 கப் தண்ணீர் விட்டீர்கள், ராத்திரி முழுக்க வைத்தும் கூழாகவே இருக்கிறது, லேசாகக் கசக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

தண்ணீர்தான் அதிகம். அதே கப்பில் 5 அல்லது 6 போதும். கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்ததிலிருந்து கை நிறுத்தாமல் கிண்டுங்கள். கொஞ்ச நேரத்தில் சட்டென்று கெட்டியாகும். பலரும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள், அதுதான் தப்பு. நிறம் அடர்ந்து பளபளப்பு வரவேண்டும், கொழகொழவென்று பெரிய குமிழிகள் வெடிக்க வேண்டும். நம் வீட்டில் களி கிண்டுகிற பதம்தான். அப்புறம் உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் சேர்த்து, மூடி, மிகச் சிறிய தீயில் 5 நிமிடம் விடுங்கள். பிறகு பாத்திரத்தில் ஊற்றி வெளியிலேயே ஆறவிடுங்கள்.

கசப்புக்குப் பயப்படாதீர்கள். ஓக் கொட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. அதனால்தான் மாவாக்கும்போதே பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைக்கிறார்கள். மிச்சமிருக்கும் மெல்லிய துவர்ப்புதான் இதன் ருசி, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. அதிகமாகத் தெரிந்தால், மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு, இறுத்த அளவுக்குப் புதுத் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சுங்கள்.

இப்போது இருக்கும் கூழைக் கொட்டிவிடாதீர்கள். மறுபடி அடுப்பேற்றிக் கிண்டி வற்றவிட்டால் பெரும்பாலும் இறுகிவிடும். இறுகியதும் துண்டு போட்டு, சோயா சாஸ், மிளகாய்த்தூள், பூண்டு, வறுத்த எள் கலந்து மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் கல்லாகிவிட்டால், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள், பழையபடி குலுங்கும்.