கொடைக்கானல் குளிரும் கரண்ட் பில்லும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கொடைக்கானல் வில்பட்டியில், மேலே தகர ஷீட் போட்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். 2000 வாட் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடியும் அறை சூடாவதே இல்லை. இரண்டு மாத பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆயில் ஹீட்டருக்கு மாறினால் கரண்ட் குறையும் என்று கடையில் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: உங்கள் வீட்டில் குறையாது. 2000 வாட் என்றால் குவார்ட்ஸ் கம்பியானாலும், ஃபேன் ஹீட்டரானாலும், ஆயில் ஹீட்டரானாலும் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2 யூனிட்தான். அத்தனையும் சூடாகத்தான் மாறுகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார். ஆயில் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருக்கிறது, அறை சூடானதும் தானாக நிற்கும். அறை சூடானால்தானே நிற்கும்! சூடு மேலே ஓடிக்கொண்டே இருக்கிற வீட்டில் அதுவும் விடிய விடிய ஓடும்.

சூடு ஓடிப்போகிற இடம் அந்த ஷீட்தான். 10-க்கு 12 அடி அறை என்று வையுங்கள். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும். வெறும் தகரம் வழியாக மட்டும் மணிக்கு முக்கால் யூனிட் அளவு சூடு வெளியேறும். மேகமில்லாத இரவில் இன்னும் மோசம். தகரம் வானத்தைப் பார்த்துச் சூட்டை விட்டுவிட்டு, வெளிக்காற்றையும் விடக் குளிர்ந்துபோகும். விடியற்காலையில் ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டுவது அதனால்தான். உங்கள் மூச்சில் இருக்கிற ஈரம்தான் அது, மழை ஒழுகல் இல்லை.

சொந்த வீடாக இருந்தால் ஷீட்டுக்குக் கீழே ஜிப்சம் போர்டு சீலிங் அடித்து, அதன் மேல் 50 மில்லிமீட்டர் கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) பரப்பச் சொல்வோம். கூரை வழியாகச் சூடு போவது பத்தில் ஒரு பங்காகிவிடும். தெர்மாகோலும் வேலை செய்யும். ஆனால் மூடாமல் வெறுமனே தொங்க விடக்கூடாது. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகை விஷம். வாடகை வீட்டுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். மதுரையில் வெயிலுக்காக ஷீட்டின் அடியில் ஒட்டுகிறார்களே, ஒரு பக்கம் வெள்ளி ஃபாயில் உள்ள ஃபோம் ரோல், அதையே வாங்குங்கள். 10 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஷீட்டோடு சேர்த்து ஒட்டினாலே போக்கு மூன்றில் ஒரு பங்குக்கு வரும். இணைப்புகளில் ஃபாயில் டேப் ஒட்ட வேண்டும். விட்ட இடுக்கு வழியாக ஈரக்காற்று ஏறி, உள்ளுக்குள் வியர்த்து, ஒரு சீசனில் ஃபோம் உரிந்து தொங்கிவிடும்.

ஆனால் இதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. காற்று வீசுகிற ஒரு மாலையில் ஊதுபத்தி கொளுத்தி, ஜன்னல் சட்டம், கதவின் அடி, சுவரும் ஷீட்டும் சேருகிற விளிம்பு என்று மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். புகை நேராக ஏறாமல் படுக்கிற இடமெல்லாம் ஓட்டை. ஷீட்டின் நெளிவுகளுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அறைக் காற்று மணிக்கு மூன்று முறை மாறினால் கால் யூனிட் அதிலேயே போய்விடும். நெளிவுக்கு ஃபோம் துண்டு வெட்டிச் செருகுங்கள், ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் பட்டை, கதவின் அடியில் ரப்பர் பட்டை. எல்லாம் சேர்த்து சில நூறு ரூபாய்தான் ஆகும். கேஸ் அடுப்பு இருக்கிற சமையலறையில் மட்டும் காற்றுப்போக்கியை அடைக்காதீர்கள்.

பில் ஏன் எகிறுகிறது என்பதையும் பாருங்கள். ராத்திரிக்கு 6 மணி நேரம் ஓடினாலும் 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720. வீட்டின் மற்ற செலவு 300 யூனிட் என்றால் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் எல்லோருக்கும் உண்டு. அடுத்த 100 யூனிட்டுக்கான குறைந்த கட்டணம், மொத்தம் 500-ஐத் தாண்டாதவர்களுக்கு மட்டும்தான். தாண்டியவுடன் அது போய்விடும், 501-லிருந்து யூனிட் 8 ரூபாய்க்கு மேல், ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாய்க்கும் மேல். ஆகவே உங்கள் இலக்கு 500-க்குள் நிற்பது.

அதற்குச் சுலபமான வழி, தூங்கும்போது அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது. ஒருவர் படுக்கிற மின்சாரப் போர்வை 60-லிருந்து 100 வாட். இரண்டு போர்வை, எட்டு மணி நேரம், முழுக்க ஓடினாலும் 1.6 யூனிட்டுக்குள். மெத்தை விரிப்புக்கு அடியில் மடிப்பில்லாமல் விரிக்க வேண்டும். மடித்த இடத்தில் கம்பி சூடேறிக் கருகும். படுக்கையை நனைக்கிற குழந்தைக்கும், சூடு உறைக்காத சர்க்கரை நோயாளிக்கும் வேண்டாம், அவர்களுக்குக் கனமான போர்வையே போதும். கட்டிலில் மெல்லிய ஃபோம் மெத்தை இருந்தால் கீழிருந்தும் குளிர் ஏறும். போடி இலவம்பஞ்சு மெத்தை ஒன்று போட்டுப் பாருங்கள், ஹீட்டருக்கு ஆகிற பணத்தை விட நல்ல செலவு. மலையில் ஈரம் அதிகம் என்பதால் வெயில் வந்த நாளெல்லாம் அதைக் காயவைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஹீட்டர் வேண்டுமென்றால், படுக்கையறைக்கு ஆயில் ஹீட்டர் சரிதான். காய அரை மணி ஆகும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு விடும், சிவந்த கம்பி கிடையாது. விலை ஏழாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை. குளித்துவிட்டு வந்து உடை மாற்றுகிற பத்து நிமிடத்துக்கு ஃபேன் ஹீட்டர் போதும். குவார்ட்ஸ் கம்பி எதிரே உட்கார்ந்தவரை மட்டும் காய்ச்சும். ராத்திரி போர்வை சரிந்து அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஹீட்டர் போட்டால் பிளக் தொட முடியாத அளவு சுடுகிறது. ஸ்விட்ச் போர்டில் பழுப்புக் கறை. கம்பெனியில் மாற்றித் தருவார்களா? (பண்ணைக்காடு)

பதில்: ஹீட்டரில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, போர்டில்தான் இருக்கும். இன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, பெரும்பாலும் அதுதான் காரணம். 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), சரியான எர்த் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகவே கூடாது.

மழைக்காலம் முழுக்கப் பரண் மேல் கிடந்த ஹீட்டரை முதல்முறை போடும்போது, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் விழுந்தால், உள்ளே ஈரம் ஏறியிருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதித்த பிறகு ஓட்டுங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி வயர் கொடுத்துத் தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினர் குளிர் தாங்கவில்லை என்கிறார்கள். அறைக்குள் கரிச்சட்டி வைக்கலாமா, அல்லது சிலிண்டரோடு வரும் கேஸ் ஹீட்டர் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். புகை அடங்கி, பார்க்க அமைதியாகக் கனன்றுகொண்டிருக்கிற கரிதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். அதற்கு மணம் கிடையாது, கண் எரியாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வெளியே பார்பிக்யூ முடித்த அடுப்பைக் கதகதப்புக்காக உள்ளே எடுத்து வைப்பதும் இதேதான், விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

கேஸ் ஹீட்டர் சாதாரணமாக எரியும்போதுகூட, ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியை அறைக்குள் விடும். ஏற்கெனவே ஈரமான ஊரில் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடிப்பதற்கு வேறு என்ன வேண்டும்?

பழைய பங்களாக்களில் புகைபோக்கியோடு கணப்பு இருக்கும். சீசனுக்கு முன் கரியைத் துடைத்து, தணல் முழுதும் அணையும்வரை மேல் மூடியைத் திறந்தே வைத்தால் அதைப் பயன்படுத்தலாம். அழகு அதிகம், சூடு குறைவு, பாதிக்கு மேல் புகைபோக்கி வழியே போய்விடும். வருடத்தில் பல மாதம் அறை ஓடுகிற உங்களைப் போன்றவர்களுக்கு ‘ஹாட் அண்ட் கோல்ட்’ இன்வெர்ட்டர் ஏசிதான் கணக்குக்குச் சரி. அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். சாதாரண ஏசி சூடு தராது, பில்லில் மாடல் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மதுரை திருநகர். நான்கு பேர். மார்கழிக் குளியலுக்கு கீசர் வாங்கப்போகிறோம். 3 லிட்டர் கரண்ட் கம்மி என்கிறார்கள். போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

பதில்: 18 லிட்டர் வாளித் தண்ணீரை 23 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர, எந்த கீசரானாலும் மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் பெரும்பாலும் 3000 வாட், 15 லிட்டர் 2000 வாட். இழுக்கிற வேகம்தான் வேறு. இன்ஸ்டன்டில் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் வெதுவெதுப்பாக வரும், வாளி நிறைய ஏழு நிமிடம். மதுரைக்கு இது போதும். இதே கீசரைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் தண்ணீர் நூலாகத்தான் வரும், அங்கே 15 அல்லது 25 லிட்டர் வேண்டும். ஷவர் வேண்டும், அடுத்தடுத்து குளிக்க வேண்டும் என்றால் உங்களுக்கும் 15 லிட்டர்தான். அதில் ஸ்டார் லேபிள் பாருங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு இழக்கிறது என்பதற்கான மதிப்பெண் அது. காலையில் 15 நிமிடம் மட்டும் போட்டு அணைக்கிற வீட்டில் ஸ்டார் பெரிய வித்தியாசம் செய்யாது.

உங்களுக்கு உண்மையான எதிரி அந்த உப்பு. தண்ணீரைச் சூடாக்குகிற எலிமென்ட் மேல் சுண்ணாம்பாய்க் கட்டும், உள்ளே கரகரவென்று சத்தம் வரும், சூடாக நேரம் பிடிக்கும், ஒருநாள் எலிமென்ட் போய்விடும். வாங்கும்போது கண்ணாடிப் பூச்சு உள்ள டாங்க், இன்கலாய் (அரிப்பைத் தாங்கும் உலோகக் கலவை) எலிமென்ட் என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட்டை 55-லிருந்து 60-க்குள் வையுங்கள், அதற்கு மேல் போகப்போக உப்பு வேகமாகப் படியும். டாங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். டாங்க் துருப்பிடிக்காமல் அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். போர் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, விரல் தடிமன் போய்ப் பென்சில் போல மெலிந்திருந்தால் மாற்றுங்கள். அடியில் இருக்கிற சேஃப்டி வால்வு சொட்டினால் எரிச்சலில் அடைத்துவிடாதீர்கள், அழுத்தம் வெளியேறும் வழி அதுதான். வாரன்டி அட்டையில் டாங்குக்கு ஒரு காலம், எலிமென்டுக்கு ஒரு காலம் இருக்கும். கடினத் தண்ணீருக்கு விலக்கு போட்டிருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. மதுரை எல்லிஸ் நகர். விடியற்காலையில் நடுங்குகிறார். சின்ன ரூம் ஹீட்டர் வாங்கட்டுமா?

பதில்: மதுரையில் மார்கழி, தையில்கூட 20 டிகிரி ஒட்டித்தான் இறங்கும். அந்த அறைக்கு ஹீட்டர் தேவையில்லை. கொசுவுக்காக ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுகிறதா? நடுக்கத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நல்ல கொசுவலை ஒன்று கட்டி, ஃபேனை நிறுத்துங்கள். காலுக்கு சாக்ஸ், தலைக்குக் குல்லா, தரையில் இறங்குகிற இடத்தில் ஒரு ஜமக்காளம். விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போனால் எல்லாம் கிடைக்கும். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘400 வாட், வீடு முழுக்க சூடாகும், 70 சதவீதம் மிச்சம்’ என்று போட்டு விற்ற சுவர் ஹீட்டரை வாங்கி ஏமாந்தேன். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (தேனி)

பதில்: 400 வாட் கொடுத்தால் 400 வாட் சூடுதான் வரும். மேஜைக்கு அடியில் கால் காயலாம், வீடு காயாது. விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் மாற்றிவிடலாம். ஆர்டர் எண், பில், பெட்டியின் வாட் லேபிள் படம் எல்லாவற்றையும் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழுள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அடித்துப் பாருங்கள். எண் போலி என்று வந்தால், அந்தத் திரையையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.